நகராத சைக்கிளும் ஒன்பதாவது தட்டும்

பாசிர் பெனாம்பாங் மீன் கொட்டகையை விட்டுக் கிளம்பி ஒன்றரை மணி நேரமாக நடந்துகொண்டிருந்தேன். இடது செருப்பின் வார் ஆற்றுப் பாலத்திலேயே அறுந்துவிட்டதால் அதைக் கையில் பிடித்திருந்தேன். இனி ஆள் வேண்டாம் என்று கொட்டகை முதலாளி சொன்னதில் எனக்குக் கோபமில்லை. அந்த வருஷம் யாருக்குமே ஆள் வேண்டியிருக்கவில்லை. புக்கிட் ரோத்தானுக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருந்தது. சாலையோரம் எஸ்டேட் பலகைக்குக் கீழே ஒருவர் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டு, நான் வருவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கோலசிலாங்கூரிலிருந்து ரவாங் வரைக்கும் உள்ள அத்தனை தோட்டங்களிலும், ஓர் அடிகூட நகராத சைக்கிளில் ஊர் ஊராகப் போய் வந்தவர் அவர் ஒருவர்தான். எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் கற்பூரம் அணைத்துச் சொல்வேன். எண்பதுகளின் நடுவில் அந்த வட்டாரத்தில் அவருக்கு வெள்ளைக்கரு என்று பெயர்.

"தம்பி, அவசரமா எங்கயாச்சும் போகணுமா?" என்றார்.

"இல்லண்ணே. எங்க போறதுன்னே தெரியல."

"அப்ப வா. சைக்கிள் மிதிக்கணும்."

சாப்பாடு உண்டா என்று கேட்டேன். உண்டு என்றார். அதற்குமேல் கேட்க எனக்கு ஒன்றும் இல்லை.

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் கடைசி வீட்டுக்குப் பின்னால், ஒரு ரப்பர்ப் பால்மரத்தடியில் அந்த சைக்கிள் நின்றது. பின்சக்கரம் தரையைத் தொடாதபடி ஸ்டாண்டு போட்டு, நாலு பக்கமும் கயிறு கட்டி ஆணியடித்து வைத்திருந்தார். பின்சக்கரத்தில் டயர் இல்லை. அதற்குப் பதிலாகப் பழைய டியூபை வெட்டிப் பட்டையாக்கி, பக்கத்து மேசையில் இருந்த ஒரு சின்னச் சக்கரத்தோடு கோத்திருந்தார். அந்தச் சின்னச் சக்கரத்திலிருந்து முட்டை அடிக்கும் கம்பி ஒன்று பீங்கான் கிண்ணத்துக்குள் இறங்கியது. மிதித்தால் கம்பி சுற்றும். லயத்தில் மின்சாரம் சாயங்காலம் ஆறிலிருந்து பத்து வரைதான். அதிலும் பல்பு மட்டும்தான் எரியும், மிக்சர் ஓடாது.

ஏறப் போனவனைத் தடுத்து என் தலையை முகர்ந்து பார்த்தார். எண்ணெய், என்றார். குழாயடிக்குக் கூட்டிப்போய்த் துணி துவைக்கும் சோப்பால் மூன்று முறை தலை கழுவவைத்தார். எண்ணெய்ப் பிசுக்கு ஒரு சொட்டு பட்டாலும் முட்டையின் வெள்ளைக்கரு நுரைத்து எழாது என்பது அவர் கண்டுபிடித்த முதல் உண்மை. அதனால் பக்கத்து வீடுகளில் யாரும் அப்பளம் பொரிக்கக் கூடாது என்று ஒரு வாரமாக உத்தரவு போட்டிருந்தார். தேங்காயெண்ணெய் தடவிய பெண்கள் அந்தப் பால்மரத்தைச் சுற்றிக்கொண்டுதான் குழாயடிக்குப் போக வேண்டும். அவர்கள் போகிற போக்கில் சொன்னதையெல்லாம் இங்கே எழுத முடியாது.

ஏன் இந்தப் பாடு என்பதை முதல் நாள் சாப்பாட்டின்போது அவர் மனைவி தனம் அக்கா சொன்னார்.

அவர்களுக்கு ஒரே மகள், மல்லிகா. ரவாங்கில் ஒரு ஃபேக்டரியில் வேலை. அங்கேயே வேலை செய்யும் ஒரு பையன் அவளைக் கேட்டான். பெண் பார்க்க வந்த அவன் அம்மா, தட்டில் வெள்ளைப் பூப் போட்ட பிஸ்கட்டுகள் கொண்டுவந்தார். தீபாவளிக்கு டவுனில் வீட்டிலேயே செய்து விற்கிறவர் அந்தம்மா. வெள்ளைக்கரு ஒரு பிஸ்கட்டை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, இந்த வெள்ளையை எப்படி உறைய வைத்தீர்கள் என்று கேட்டிருக்கிறார். ஐசிங், என்றாராம் அந்தம்மா. வெள்ளைக்கருவும் பொடிச் சீனியும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து அடிப்பது. அதோடு விட்டிருக்கலாம். "உங்களுக்கு இது சரிப்படாது அண்ணே. காயறதுக்கு நாள் முழுக்க ஃபேன் ஓடணும். லயத்துல கரண்டுக்கு எங்க போவீங்க?" என்றும் சொல்லிவிட்டார்.

அந்தம்மா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் மல்லிகா தலை குனிந்ததை அப்பா பார்த்துவிட்டார். எஸ்டேட்டின் பால் ஸ்டோரில் முப்பது வருஷமாக வேலை செய்கிறவர் அவர். ரப்பர் பாலை வடிகட்டி, நுரை எடுத்து, ஆசிட் கலந்து, தட்டில் ஊற்றி உறைய வைப்பதுதான் அவர் தொழில். வெள்ளையாக ஒன்றை ஊற்றி உறைய வைக்க உனக்கு வராது என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை.

"பரிசத்தன்னிக்கு நாங்க வைக்கிற ஒன்பது தட்டுல ஒண்ணு ஐசிங் பிஸ்கட்டு. உங்களுது மாதிரியே வெள்ளையா" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். அந்தப் பரிசம் வருகிற ஞாயிற்றுக்கிழமை. நான் வந்து சேர்ந்தது வியாழக்கிழமை.

"பொண்ணு மானம் இப்ப முட்டையில தொங்குது, தம்பி" என்றார் தனம் அக்கா, என் தட்டில் இரண்டாவது கரண்டி குழம்பை ஊற்றியபடி. குழம்பு மஞ்சள்கருக் குழம்பு. தொட்டுக்கொள்ள மஞ்சள்கருப் பொடிமாஸ். அந்த ஒரு மாதமாக அவர் கணவர் முட்டையில் வெள்ளைக்கருவை மட்டும் எடுத்துக்கொண்டு மஞ்சளை லயம் முழுக்க விநியோகித்துக்கொண்டிருந்தார். அவர் தூக்குச்சட்டியோடு வருவதைப் பார்த்தால் ஜனங்கள் கதவைச் சாத்தினார்கள். அந்த லயத்து நாய்களைப் போல மினுமினுப்பான நாய்களை நான் பங்களாக்களில்கூடப் பார்த்ததில்லை.

அவரே மிதித்துக்கொண்டு அவரே கிண்ணத்தைப் பார்க்க முடியாது. லயத்து ஆட்கள் எல்லாம் ஒரு முறை மிதித்துவிட்டு ஓடிப்போயிருந்தார்கள். காரணம், எவ்வளவு நேரம் மிதிப்பது என்பதற்கு அவர் வைத்திருந்த கணக்கு. அவருக்குக் கடிகாரம் ஒத்துவராது. ஊர்க் கணக்குதான்.

"புக்கிட் ரோத்தான் வரைக்கும் போனா நுரை வரும். ஈஜோக் போனா பளபளன்னு வழியும். பத்தாங் பெர்ஜுந்தை போனா கூர் நிக்கும். அங்க இறங்கிடணும். ரவாங் வரைக்கும் போனா திரிஞ்சிடும்."

"அங்கதான பொண்ணக் குடுக்கப் போறீங்க?" என்று உள்ளேயிருந்து தனம் அக்கா கேட்டார். அவர் காதில் வாங்கவில்லை.

நான் மிதித்தேன். மத்தியானம். பால்மர இலைகளுக்கு நடுவே வெயில் வட்ட வட்டமாக விழுந்து என் முழங்கால்மேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. முதுகுக்குப் பின்னால் கம்பி கிண்ணத்தில் உரசுகிற சத்தம். அதற்கு மேலே அவர் குரல், கோயிலில் உபயதாரர் பெயர் வாசிக்கிற மாதிரி ஒரே சீராக. கேட்டைத் தாண்டியாச்சு. சாலை. இடது பக்கம் சீனன் கடை, நிக்காத. இப்ப மேடு, அழுத்து. இறக்கம், விடு. புக்கிட் ரோத்தான் வந்தாச்சு, பள்ளிக்கூடம் விடுற நேரம், மெதுவா போ.

நான் அந்தச் சாலையில் எத்தனையோ முறை நடந்தவன். ஆனால் அவர் சொல்லச் சொல்ல அது வேறு சாலையாக இருந்தது. வெயில் சுடவில்லை. லோரிகள் ஒதுங்கி வழிவிட்டன. ஈஜோக் தாண்டியதும் இரண்டு பக்கமும் செம்பனை மரங்கள் கிசுகிசுவென்று பேசிக்கொண்டு கூடவே வந்தன. கண்ணை மூடினேன். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து நான் போன ஊர்களில் எல்லாம் எனக்காக ஒருவரும் காத்திருந்ததில்லை. இந்தப் பயணத்தில் மட்டும் ஒவ்வொரு திருப்பத்தையும் யாரோ எனக்கு முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வது போல இருந்தது.

"பத்தாங் பெர்ஜுந்தை. இறங்கு."

திரும்பிப் பார்த்தேன். கிண்ணத்தில் மேகம் இருந்தது. கம்பியைத் தூக்கிக் காட்டினார். அதன் நுனியில் சின்னதாக ஒரு கோபுரம் சாயாமல் நின்றது.

வெள்ளிக்கிழமை முழுக்க ஐசிங் போட்டோம். தனம் அக்கா மண்ணெண்ணெய்த் தகரத்தை அடுப்பாக்கி, கீழேயும் மேலேயும் கரி போட்டு பிஸ்கட்டுகளைச் சுட்டு அடுக்கினார். வெள்ளைக்கரு மெழுகுத்தாளைக் கூம்பாகச் சுருட்டி, நுனியைக் கத்தரித்து, முதலில் கெட்டி ஐசிங்கால் வரப்பு கட்டினார். பிறகு தண்ணீர் தெளித்து இளக்கிய ஐசிங்கை வரப்புக்குள் பாய்ச்சினார். இளக்கம் சரியா என்று பார்க்கக் கிண்ணத்தில் கத்தியால் ஒரு கோடு கிழிப்பார். அந்தக் கோடு மறைவதற்குள், தான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இந்த எஸ்டேட்டுக்கு வந்துபோன மேனேஜர்களின் பெயரை வரிசையாகச் சொல்லி முடிக்க வேண்டும். முதல் துரைக்கே மறைந்தால் தண்ணி அதிகம். கடைசி ஆள் வந்தும் மறையாவிட்டால் இன்னும் இளக்க வேண்டும். மேலே வருகிற குமிழிகளை ஊசியால் குத்தி எடுத்தார். ரப்பர் பாலிலும் அதுதானாம். ஒரு குமிழி தங்கினாலும் ஷீட்டின் தரம் போச்சு.

பொடிச் சீனி காற்றில் எழும்பி வீடெல்லாம் படிந்திருந்தது. அவர் புருவம், தனம் அக்காவின் முன்தலை, நாற்காலி, காலண்டர் எல்லாம் வெள்ளை. சாயங்காலம் ரவாங்கிலிருந்து மல்லிகா வந்து வாசலில் நின்றாள். உள்ளே வரத் தயங்கினாள்.

"அப்பா, வேணாம்பா. ரவாங் கடையில வாங்கிக்கலாம். அவங்களும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"அவங்க சொல்ல மாட்டாங்கம்மா" என்றார் அவர், கூம்பிலிருந்து கண்ணை எடுக்காமல். "நெனப்பாங்க."

அவள் பையை வைத்துவிட்டு, தலையை முகரக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து ஊசியை வாங்கிக்கொண்டாள்.

சனிக்கிழமை மழை பிடித்தது. கோலசிலாங்கூர் மழை கடலிலிருந்து சாவகாசமாக வந்து, வந்த இடத்திலேயே படுத்துக்கொள்ளும் மழை. பூக்களும் மயில்களும் போட்ட நூற்றியெட்டு பிஸ்கட்டுகள் எறும்புக்குப் பயந்து தண்ணீர்க் கிண்ணங்களில் கால் வைத்த மேசையில் கிடந்தன. காலையில் தொட்டால் ஒட்டியது. மத்தியானம் தொட்டால் ஒட்டியது. மூன்று மணிக்கு ஐசிங் வேர்க்க ஆரம்பித்தது. ஒரு மயிலின் கழுத்து மெதுவாக அதன் மடியில் சாய்ந்ததை நாங்கள் நாலு பேரும் நின்று பார்த்தோம். நாள் முழுக்க ஃபேன் ஓடணும் என்று சொன்ன குரல் எல்லோருக்கும் கேட்டது.

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. அந்தத் தோட்டத்தில், எந்த மழையிலும் ஈரமே அண்டாத இடம் ஒன்று உண்டு. ரப்பர் ஷீட்டுகளை மூங்கில் கழிகளில் தொங்கவிட்டுக் காயவைக்கும் புகைக் கொட்டகை. சாவி அவரிடம்தான்.

"புகை அடிக்குமேண்ணே" என்றேன்.

"காஞ்ச விறகு நல்லா எரிஞ்சா சூடுதான் வரும் தம்பி. புகை வராது. நீ நெருப்பப் பாத்துக்க. அணைய மட்டும் விடாத."

பலகைகளில் அடுக்கி, மழையில் குடை பிடித்து, கொட்டகைக்குக் கொண்டுபோனோம். அடுப்பு வாய் வெளிப்பக்கம். நான் அங்கே உட்கார்ந்தேன். காய்ந்த விறகு பாதியிலேயே தீர்ந்தது. மிச்சம் இருந்ததெல்லாம் கூரை ஒழுகி நனைந்த விறகு. நெருப்பு படுக்கப் பார்த்தது. அணைய விடாதே என்று சொல்லியிருந்தார். ஈர விறகைப் போட்டேன்.

காலையில் கதவைத் திறந்தார். வெள்ளை என்று ஒன்றுகூட இல்லை. நூற்றியெட்டும் தேன் நிறத்தில், நல்ல ரப்பர் ஷீட்டின் நிறத்தில், பூவும் மயிலுமாகப் பளபளத்தன. ஒன்றை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். திருப்பினார். நகத்தால் தட்டினார்.

"குமிழி இல்ல. ஈரம் இல்ல. பூஞ்சை இல்ல. முதல் தரம்" என்றார். பிறகு விறகுக் குவியல்மேல் உட்கார்ந்துவிட்டார். "திங்கிற சாமானா போயிடுச்சே, தம்பி. போய் எனக்குக் காய்ச்சல்னு சொல்லிடு."

நான் போய்ச் சொன்னேன். வீட்டில் தோரணம் கட்டியாகிவிட்டது. தனம் அக்கா நான் கொண்டுபோன ஒரு பலகையை முகர்ந்து பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். பிஸ்கட்டை விட்டுவிட்டால் தட்டு எட்டு. பரிசத்துக்கு இரட்டைப்படையில் தட்டு வைக்க முடியாது. ஒன்பதாவதில் ஆரஞ்சை அடுக்கிவிடலாம், யார் கேட்கப் போகிறார்கள் என்றார்.

பட்டுச்சேலை கட்டி முடித்திருந்த மல்லிகா வெளியே வந்தாள். "அப்பா சொன்னது பிஸ்கட்டு. பிஸ்கட்டே இருக்கட்டும்மா" என்றாள். என் பக்கம் திரும்பி, "அண்ணே, அப்பா வந்து நிக்காம நான் மணையில உக்கார மாட்டேன்னு சொல்லுங்க" என்றாள்.

திரும்ப நடக்கும்போது, அப்படியே சாலைக்குப் போய்விடலாமா என்றும் நினைத்தேன். எனக்கு அது பழக்கமான காரியம்தான். ஆனால் கால் கொட்டகைக்குத்தான் போனது. மகள் சொன்னதைச் சொன்னேன். பிறகு, "விறகு ஈரம்ண்ணே. தெரிஞ்சேதான் போட்டேன்" என்றேன்.

"எனக்குத் தெரியாதா? வாசல்ல நின்னு முகந்தாலே என்ன விறகுன்னு சொல்லிடுவேன்." எழுந்து வேட்டியைத் தட்டினார். "காலை வரைக்கும் அணையாம பாத்துக்கிட்டயில்ல. நான் சொன்னது அதுதான. வா, முகம் கழுவிட்டுப் போவம்."

ரவாங்கிலிருந்து ஒரு பஸ் நிறைய வந்தார்கள். பந்தலில் தட்டுகள் வரிசையாக இருந்தன. வெள்ளைக்கரு கடைசித் தூணுக்குப் பின்னால் நின்றார், பாதி முகம் மட்டும் தெரிகிற மாதிரி. மாப்பிள்ளையின் அம்மா தட்டுத் தட்டாகப் பார்த்துக்கொண்டு வந்து ஒன்பதாவதின் துணியை எடுத்தார். மூக்கு அசைந்தது.

"இது என்ன, சாக்லேட்டா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வெள்ளைக்கரு வாயைத் திறந்தார். அதற்குள் மணையில் இருந்த மல்லிகா சொன்னாள்.

"புகைங்க அத்தை. மழையில காயல. அப்பா ரப்பர் புகைக் கொட்டகையில வச்சுக் காயவச்சாரு."

அவள் கையை நீட்டி ஒரு மயிலை எடுத்துக் கடித்தாள். அந்தச் சத்தம் பின்வரிசை வரை கேட்டது. முகம் மாறாமல் முழுவதையும் மென்று விழுங்கினாள். அதைப் பார்த்த மாப்பிள்ளை எழுந்து வந்து ஒன்றை எடுத்தான். அவனுக்கு அவ்வளவு தைரியம் இல்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனாலும் முடித்தான். முடித்துவிட்டு, கூட்டத்தைப் பார்த்தபடி இரண்டாவதை எடுத்தான். மல்லிகா அப்போதுதான் அன்று முதல் தடவையாகச் சிரித்தாள்.

அவன் அம்மா ஒன்றை எடுத்து, நகத்தால் தட்டினார். விரலால் அழுத்தினார். கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

"காஞ்சிருக்கே" என்றார். தூணைப் பார்த்துச் சொன்னார். "மழை நாள்ல எனக்கே ஃபேன் போட்டாலும் ஒட்டும். எவ்வளவு நேரம் வச்சீங்கண்ணே?"

அவ்வளவுதான். அவர் தூணுக்குப் பின்னாலிருந்து வந்தார். மூங்கில் கழிக்கும் பலகைக்கும் எவ்வளவு இடைவெளி, சூடு எப்படி ஏற வேண்டும், ஊசி எந்தக் கோணத்தில் இறங்க வேண்டும் என்று ஆரம்பித்தார். அந்தம்மாவும் விடவில்லை, எலுமிச்சை எத்தனை சொட்டு என்பதில் இரண்டு பேருக்கும் வாக்குவாதம் வந்தது. அய்யர் இரண்டு தடவை நல்ல நேரம் போகிறது என்று சொல்லிப் பார்த்தார். கடைசியில் அந்தம்மா, "ஆனா தின்ன முடியாதுண்ணே" என்றார். "முடியாதுதான்" என்று வெள்ளைக்கரு ஒப்புக்கொண்டார். அவர் முகம் முதல் பரிசு வாங்கிய பள்ளிப்பிள்ளையின் முகமாக இருந்தது.

சாயங்காலம் பஸ்ஸில் ஒரு இடம் காலியாக இருந்தது. நான் ஏறிக்கொண்டேன். இருந்து பாரேன் தம்பி, ஸ்டோர்ல சொல்றேன்லா என்றார் வெள்ளைக்கரு. ஒரே இடத்தில் இருந்து எனக்குப் பழக்கமில்லை என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு, ஜன்னல் வழியாக என் கையில் ஒரு ஜோடி செருப்பைத் திணித்தார். அவருடைய புதுச் செருப்பு. பரிசத்துக்கென்று வாங்கியது.

மறுநாள் காலை ரவாங்குக்கு வெளியே ஒரு கல் குவாரியில் வேலை கிடைத்தது. வெடி வைக்கிற இடம் என்பதால் ஆபீஸ் கிராணி ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டு அவரே எழுதிக்கொண்டிருந்தார். ஆபத்து ஏதாவது என்றால் யாருக்குச் சொல்லி அனுப்புவது என்று கேட்டார். மற்ற இடங்களில் அந்தக் கட்டத்தை வெறுமையாக விடச் சொல்வது என் வழக்கம். அன்று எஸ்டேட்டின் பெயரைச் சொன்னேன், லயத்தில் கடைசி வீடு என்றேன். ஆளின் பெயர் என்ன என்று கேட்டபோதுதான், அது எனக்குத் தெரியாது என்பதே தெரிந்தது.

"வெள்ளைக்கருன்னு எழுதுங்க. அங்க யாரக் கேட்டாலும் சொல்வாங்க."

கிராணி பேனாவை நிறுத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உனக்கு என்ன வேணும் அவரு?"

"அண்ணன்" என்றேன்.